மூச்சின் பாதையைக் கண்முன் காட்டும் கணினி மாதிரிகள்

மனிதனின் மூச்சுக்குழாய் நுரையீரலுக்குள் சுமார் 23 முறை கிளைபிரிந்து நுண்ணிய காற்றறைகளில் முடிகிறது. சுவிட்சர்லாந்து உடற்கூறியல் அறிஞர் ஈவால்ட் வைபல் 1963-ஆம் ஆண்டு அளித்த இந்த மாதிரியே, சுவாசத்தைக் கணினியில் ஆராயும் பல முயற்சிகளுக்கு அடித்தளமாக உள்ளது.

முதலில் சி.டி. ஸ்கேன் படங்களிலிருந்து காற்றுப்பாதையின் முப்பரிமாண வடிவம் உருவாக்கப்படுகிறது. பின்னர், பாய்ம இயக்கவியல் சமன்பாடுகளின் மூலம் ஒவ்வொரு புள்ளியிலும் காற்றின் வேகமும் அழுத்தமும் கணக்கிடப்படுகின்றன. எண்களின் குவியலாகக் கிடைக்கும் இம்முடிவுகளை வண்ணங்களாகவும் பாதைக்கோடுகளாகவும் திரையில் காட்டும்போது, குழாய் எங்கே குறுகியுள்ளது, இன்ஹேலர் மருந்து எங்கே படிகிறது என்பவை புலப்படும்.

இத்தகைய கணக்கீடுகளைச் சரிபார்க்க ஆய்வகச் சோதனைகளும் தேவை. சென்னை ஐஐடி பேராசிரியர் மகேஷ் பஞ்சக்னுலா குழுவினர், நுரையீரலின் நுண்கிளைகளை ஒத்த விட்டமுடைய நுண்குழாய்களில் ஒளிரும் துகள்கள் கலந்த நீர்த்திவலைகளைச் செலுத்தி, அவை படியும் விதத்தை ஆராய்ந்தனர். மூச்சு மெதுவாகும்போதும் அடக்கப்படும்போதும் திவலைகள் நுரையீரலின் ஆழத்தில் படியும் வாய்ப்பு அதிகரிப்பதாக, 2020 நவம்பரில் வெளியான அந்த ஆய்வு தெரிவித்தது.

கிருமி கலந்த காற்றில் இது ஆபத்து. அதேவேளையில், இன்ஹேலர் மருந்தை உள்ளிழுத்த பின் சில விநாடிகள் மூச்சை அடக்குமாறு மருத்துவர்கள் கூறுவதற்கும் இதுவே காரணம்.