தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு சொட்டு மருந்து மேசை

போன வாரம் கிளினிக்கில் ஒரு அம்மா கேட்டாங்க. "போலியோதான் நம்ம நாட்டுலயே இல்லையாமே டாக்டர், அப்புறம் எதுக்கு இன்னும் சொட்டு மருந்து?"

நியாயமான கேள்வி. இரண்டு நிமிஷத்தில் பதில் சொல்லி அனுப்பிட்டேன். ஆனா அந்த இரண்டு நிமிஷத்துக்குள்ள அடங்காத கதை ஒண்ணு இருக்கு. அதில் டாக்டர்கள் கொஞ்சம்தான். கடைக்காரர், ஆடிட்டர், இன்ஜினியர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் எல்லாரும் இருக்காங்க. நீளமான த்ரெட். டீ போட்டு வெச்சுக்கிட்டு படிங்க.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் 35 வயசைத் தாண்டினவங்களுக்கு இந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. ஸ்டேஷன் வாசலில் மடக்கு மேசை, அதுக்கு மேல மஞ்சள் பேனர். நீலக் கலர் ஐஸ் பெட்டியோட ஒரு நர்ஸ் அக்கா, பக்கத்தில் அங்கன்வாடி டீச்சர். கூடவே வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு, தோளில் குழந்தையோட போறவங்களை எல்லாம் "அம்மா, ஒரு நிமிஷம்மா" என்று மறிக்கிற ஒரு நடுத்தர வயசு அண்ணன்.

அந்தத் தொப்பி அண்ணன் அரசு ஊழியர் இல்லை. பெரும்பாலும் ரோட்டரி, சில இடங்களில் லயன்ஸ். கல்லூரி மாணவர்களும் உண்டு.

இந்தச் சங்கங்களைப் பற்றி நம்ம ஊரில் ஒரு கிண்டல் எப்பவும் உண்டு. மாசம் ரெண்டு மீட்டிங், ஒரு பொன்னாடை, ஒரு குரூப் போட்டோ. பத்து நோட்டுப் புத்தகம் கொடுக்க இருபது பேர் மேடையில் நிற்பாங்க. நானும் கிண்டல் பண்ணியிருக்கேன், பொய் சொல்லலை. ஆனா போலியோ விஷயத்தில் அந்தக் கிண்டல் செல்லாது.

ரோட்டரி 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் ஆரம்பிச்சது. நம்ம சென்னைக்கு வந்தது 1929-ல். ரொம்ப காலம் அது பெரிய மனிதர்கள் மதிய உணவு சாப்பிடுகிற கிளப்பாகவும், ஊருக்கு ஊர் தங்களால் முடிந்த சின்னச் சின்ன உதவி செய்கிற அமைப்பாகவும்தான் இருந்தது. உலகம் பூரா சேர்ந்து ஒரே வேலையை எடுத்துச் செய்யணும் என்ற எண்ணம் 1970-களின் கடைசியில்தான் வந்தது. அப்போ தலைவராக இருந்தவர் ஆஸ்திரேலியாக்காரர் கிளெம் ரெனூஃப், தொழில் கணக்காளர். 1979 செப்டம்பரில் பிலிப்பைன்ஸில் முதல் பெரிய போலியோ திட்டம் தொடங்கியது. இலக்கு 60 லட்சம் குழந்தைகள்.

சென்னை ரோட்டரிக்கும் இதில் சொந்தக் கதை இருக்கு. 1980-களில் இங்கே அவங்க கையில் எடுத்தது தட்டம்மை. நம்ம வீடுகளில் "அம்மை வந்திருக்கு" என்று வேப்பிலை சொருகி, தலைக்குத் தண்ணி ஊத்தற நாளை எண்ணிக்கிட்டு இருந்த காலம். தட்டம்மைக்கு ஊசி உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. தேசிய அட்டவணையில் அந்த ஊசி சேர்ந்ததே 1985-ல்தான். அந்தக் காலகட்டத்தில் ஒரு தனியார் சங்கம் தடுப்பூசியை வரவழைச்சு, அரசு சுகாதாரத் துறையோட கைகோர்த்து, குழந்தைகளுக்குப் போட வெச்சது சின்ன விஷயம் இல்லை.

அதே 1985-ல் ரோட்டரி 'போலியோ ப்ளஸ்' திட்டத்தை அறிவிச்சது. 12 கோடி டாலர் திரட்டுவோம் என்றார்கள். 1988-க்குள் சேர்ந்தது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதே 1988-ல் உலக சுகாதார சபை, போலியோவை உலகத்தை விட்டே ஒழிப்பது என்று தீர்மானம் போட்டது. அப்போ 125-க்கும் மேற்பட்ட நாடுகளில் போலியோ இருந்தது. வருஷத்துக்கு சுமார் மூன்றரை லட்சம் குழந்தைகள் முடமானார்கள். அதில் பெரும் பங்கு இந்தியாவோடது.

இப்போ கொஞ்சம் மருத்துவம். இது புரியலைன்னா அந்த ஞாயிற்றுக்கிழமை மேசை எதுக்குன்னு புரியாது.

போலியோ வைரஸ் குடலில் வாழும். மலம் வழியா வெளியே வந்து, தண்ணி, கை, சாப்பாடு வழியா அடுத்த குழந்தையின் வாய்க்குப் போகும். தொற்றினவங்களில் ரொம்பப் பெரும்பாலோருக்கு ஒண்ணும் ஆகாது. இருநூறு பேரில் ஒருத்தருக்குத்தான் பக்கவாதம் வரும். அதாவது ஒரு தெருவில் ஒரு குழந்தைக்குக் கால் விழுந்தா, அந்த வட்டாரத்தில் இன்னும் இருநூறு பேர் உடம்பில் வைரஸ் ஏற்கெனவே சத்தமில்லாம வந்து போயிருக்கும்.

சொட்டு மருந்தில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அது குடலில் போய் இடம் பிடிச்சுக்கும். அதனால நிஜ வைரஸுக்கு அங்கே இடம் இல்லாம போகும். ஆனா மேலை நாட்டில் மூணு தவணையில் கிடைத்த பாதுகாப்பு நம்ம குழந்தைகளுக்கு மூணு தவணையில் கிடைக்கலை. இதை 1970-களிலேயே ஆராய்ந்து சொன்னவர் வேலூர் சிஎம்சி-யின் வைராலஜி பேராசிரியர் டி. ஜேக்கப் ஜான். நம்ம பிள்ளைகளுக்கு இன்னும் அதிகத் தவணை வேணும் என்றார். ஒரு ஊரில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தா வைரஸ் தங்க இடமே இருக்காது என்ற 'பல்ஸ்' முறையை வேலூரில் செய்து காட்டியவரும் அவர்தான். அவரும் ஒரு ரோட்டேரியன் என்பதை இங்கே சொல்லாம விட முடியாது.

பிரேசில் 1980-லேயே நாடு முழுக்க இப்படி ஒரே நாளில் கொடுக்க ஆரம்பிச்சிருந்தது. இந்தியா நாடு தழுவி இறங்கியது 1995 டிசம்பர் 9-ல். அடுத்த சுற்று 1996 ஜனவரி 20. முதல் சுற்றிலேயே எட்டரைக் கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள். முதலில் மூணு வயசு வரை, அடுத்த வருஷத்திலிருந்து ஐந்து வயசு வரை.

ஒரே நாளில் என்பதுதான் சிக்கல். நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ஜீப் இருக்கும். அந்த ஒரு ஜீப்பை வெச்சுக்கிட்டு விடியறதுக்குள்ள ஐம்பது இடத்துக்கு மருந்து கொண்டு சேர்க்கணும். அதுவும் சாதாரண மருந்து இல்லை. தடுப்பு மருந்துகளிலேயே சூட்டை ரொம்பக் குறைவாத் தாங்குவது இந்தச் சொட்டு மருந்துதான். கிடங்கில் மைனஸ் 20 டிகிரி, மேசைக்கு வரும்போது ஐஸ் பேக் அடுக்கின பெட்டி. பெட்டியை அடிக்கடி திறக்கக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது. நம்ம ஊர் வெயிலில்!

இங்கேதான் சங்கங்கள் உதவினாங்க. உறுப்பினர்கள் சொந்தக் காரிலும் வேனிலும் பெட்டி ஏற்றிப் போனாங்க. பேனர், தொப்பி, விசில், தன்னார்வலர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம், ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பு. கேட்க அற்பமா இருக்கும். ஆனா அரசாங்கத்தில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு அனுமதி வாங்கிய அனுபவம் உள்ளவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

இன்னொண்ணையும் நேர்மையாச் சொல்லணும். பேனரில் பேர் பெரிசா இருந்தது சங்கத்தோடது. நடந்து கால் தேய்ந்தது கிராம சுகாதார செவிலியர்களோடதும் அங்கன்வாடி ஊழியர்களோடதும். ஞாயிறு மேசை முடிஞ்சதும் திங்கட்கிழமை வீடு வீடாப் போவாங்க. குழந்தையின் இடது கை சுண்டு விரலில் மை இருக்கான்னு பார்ப்பாங்க. எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாச்சுன்னா சுவரில் சாக்பீஸால் 'பி' என்று எழுதுவாங்க. விட்டுப் போயிருந்தா 'எக்ஸ்'. எக்ஸ் போட்ட வீட்டுக்கு மறுபடி போகணும். அது பி ஆகிற வரைக்கும்.

தாம்பரத்துக்கு வருவோம். இந்தப் பகுதிக்கு ஒரு தனிக் கஷ்டம் இருந்தது. இன்னிக்கு தாம்பரம் மாநகராட்சி என்று ஒரே பேரில் சொல்றோம். அது 2021-ல் வந்தது. அதுக்கு முன்னால தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று தனித்தனி நகராட்சி. சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை தனித்தனி பேரூராட்சி. ஒரு தெருவின் இந்தப் பக்கம் ஒரு நிர்வாகம், அந்தப் பக்கம் வேற நிர்வாகம். நேத்து வரைக்கும் ஏரிக்கரையாவும் வயலாவும் இருந்த இடத்தில் இன்னிக்கு நகர் ஒன்று, நகர் இரண்டு. கணக்கெடுப்பு லிஸ்ட்டில் அந்தத் தெருவே இருக்காது. அங்கே எத்தனை கைக்குழந்தை இருக்குன்னு தெரிஞ்ச ஆள் யார்? அந்த நகரிலேயே குடியிருக்கிற, நலச்சங்கத்திலும் சர்வீஸ் கிளப்பிலும் இருக்கிற ஆள்தான்.

அப்புறம் ரயில். கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே வந்தாச்சு. பின்னாடி தாம்பரம் சென்னையின் மூன்றாவது ரயில் முனையமும் ஆச்சு. தமிழ்நாட்டில் கடைசி போலியோ 2004-ல். ஆனா உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் அதுக்குப் பிறகும் வருஷக்கணக்கா இருந்தது. 2009-ல்கூட நாட்டில் 741 பேருக்கு வந்தது. அதே வருஷங்களில்தான் ஓஎம்ஆர் கட்டடங்களுக்கும் செங்கல் சூளைகளுக்கும் அந்த மாநிலங்களிலிருந்து குடும்பம் குடும்பமா ஆட்கள் வந்து இறங்கினாங்க. கைக்குழந்தைகளோட.

அதனாலதான் ஸ்டேஷனிலும் பஸ் ஸ்டாண்டிலும் மேசை. அதனாலதான் கட்டுமான இடங்களுக்கும் சூளைகளுக்கும் நடமாடும் குழு. "தமிழ்நாட்டில்தான் இல்லையே, எதுக்கு?" என்று அப்பவும் கேட்டாங்க. தொப்பி அண்ணன்கள் அதுக்கு நின்னு பதில் சொல்லலை, அடுத்த குழந்தையை மறிச்சாங்க.

அதிகம் பேர் அறியாத ஒரு இடமும் நம்ம பக்கம்தான் இருக்கு. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். சென்னை மாகாண சுகாதார ஆணையராக இருந்த கிங் என்ற வெள்ளைக்காரர் பேரில் அமைந்தது. ஒரு காலத்தில் கன்றுக்குட்டிகளை வெச்சு பெரியம்மைத் தடுப்பு மருந்து தயாரிச்ச இடம். போலியோ காலத்தில் அதன் வேலை வேற. 15 வயசுக்குள்ள எந்தக் குழந்தைக்காவது திடீர்னு கை கால் தொய்ந்தா, காரணம் போலியோ இல்லைன்னு டாக்டருக்கே தோணினாலும், தகவல் கொடுத்தே ஆகணும். 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரி எடுத்து, ஐஸில் வெச்சு ஆய்வகத்துக்கு அனுப்பணும். தமிழ்நாட்டு மாதிரிகள் போய்ச் சேருகிற இடம் அந்தக் கிண்டி ஆய்வகம். ஒவ்வொரு மாதிரியிலும் "இல்லை" என்று வரணும். வருஷக்கணக்கா, ஆயிரக்கணக்கில் அப்படி "இல்லை" வந்த பிறகுதான் ஒழிந்தது என்று சொல்ல முடியும்.

நாட்டின் கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரி 13. மேற்கு வங்கம் ஹவுரா மாவட்டத்தில் ஒன்றரை வயசுப் பெண் குழந்தை. மூணு வருஷம் கழித்து, 2014 மார்ச் 27-ல் இந்தியாவுக்குச் சான்றிதழ் கிடைச்சது.

இதோட கதையை முடிச்சா எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா ரெண்டு விஷயம் பாக்கி.

ஒண்ணு, சொட்டு மருந்தின் மறுபக்கம். அந்தப் பலவீனமான வைரஸ், தடுப்பு மருந்து சரியா போய்ச் சேராத ஊர்களில் குழந்தைக்குக் குழந்தை சுத்திச் சுத்தி, ரொம்ப அபூர்வமா மறுபடி பலம் பெற்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். ஜேக்கப் ஜான் இதைப் பல வருஷமா எச்சரிச்சு, ஊசி வேணும் என்று வாதாடினார். அந்த ஊசி, ஐபிவி, நம்ம தேசிய அட்டவணையில் 2015 கடைசியில்தான் வந்தது. 2024-ல் மேகாலயாவில் ஒரு குழந்தைக்கு இப்படி மருந்து வழி வைரஸால் பாதிப்பு வந்தது. அதே வருஷம் காசாவிலும் வந்தது. இயற்கையான வைரஸ் ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் இன்னும் இருக்கு.

ரெண்டு, ஏற்கெனவே பாதிக்கப்பட்டவங்க. 1980-களில் கால் விழுந்த குழந்தைகளுக்கு இப்போ நாற்பதைத் தாண்டியாச்சு. என்கிட்ட வர்ற ஒருத்தர் முழங்காலைக் கையால் ஊன்றியே நடந்து பழகினவர். சமீபமா நல்லா இருந்த காலும் சோர்ந்து போகுது, படி ஏற முடியலை என்றார். வயசாகிடுச்சு போலன்னு அவரே முடிவு பண்ணியிருந்தார். இதுக்கு போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் என்று பேர். 15 முதல் 40 வருஷம் கழிச்சு வரும். மருந்தில்லை. ஆனா உடற்பயிற்சியை அளவா வெச்சுக்கணும், எடை ஏறாம பார்க்கணும், காலிப்பரை மாத்தணும், ஓய்வு எடுக்கணும். இதைச் சொல்ல ஆள் வேணும்.

நம்ம பகுதி சங்க நண்பர்கள் இந்த த்ரெட்டைப் படிச்சா, இது என் வேண்டுகோள். செயற்கைக் கால் முகாம் நடத்தறீங்க, நல்ல விஷயம். அதே மேசையில் பழைய போலியோக்காரர்களுக்குக் காலிப்பர் அளவெடுக்கவும் ஒரு பிசியோதெரபிஸ்டை உட்கார வைங்க. அவங்க ரொம்பப் பேர் கிடையாது. கணக்கில் புதுசா சேரவும் மாட்டாங்க. அந்த ஞாயிற்றுக்கிழமை மேசைகளால வந்த நல்லது அது.

அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். பிறந்ததும் ஒரு சொட்டு. 6, 10, 14 வாரத்தில் சொட்டு. ஒன்றரை வயசு வாக்கில் பூஸ்டர் சொட்டு. ஊசி 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாசம். முகாம் அறிவிச்சா, ஏற்கெனவே எத்தனை தடவை போட்டிருந்தாலும் ஐந்து வயசுக்குள்ள இருந்தா தூக்கிட்டுப் போய் இன்னொரு தடவை போட்டுக்கணும்.

"அப்போ விரலில் மை வைப்பாங்களே, அது இன்னும் இருக்கா டாக்டர்?" என்று கேட்டாங்க. அவங்க சின்ன வயசில் அந்த மை அழியக்கூடாதுன்னு ரெண்டு நாள் கையே கழுவலையாம்.

இருக்கும்மா. இடது கை சுண்டு விரல். இப்ப மட்டும் கையைக் கழுவிடுங்க.