ரஜுலாவில் வந்த டிரங்குப் பெட்டி

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பழைய தமிழ்க் குடும்பம் எதை எடுத்துக்கொண்டாலும், கட்டிலுக்கடியிலோ பரணிலோ ஒரு தகரப் பெட்டி கிடக்கும். எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. பச்சை வர்ணம், இரண்டு பக்கமும் இரும்புப் பிடி, முன்னால் பூட்டு மாட்ட நாதாங்கி. மூடியின் மேல் வெள்ளை எழுத்தில் தாத்தாவின் பெயர், அதன் கீழே ஊர்ப்பெயர், எல்லாவற்றுக்கும் கீழே பெரிதாகப் 'பினாங்கு'. இதையே ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலம் கப்பல்காரருக்கு, தமிழ் சுமை தூக்குகிறவருக்கு.

பெட்டி கிளம்பியது 1955இல், திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து. உள்ளே நாலு வேட்டி, ஒரு செம்பு, உப்பு நார்த்தங்காய், மோர் மிளகாய், வடகம், மஞ்சள் துணியில் முடிந்த விபூதி. மாட்டு வண்டியில் திருவாரூர் ஸ்டேஷன், அங்கிருந்து ரயிலில் நாகப்பட்டினம். அதுவரை தாத்தா அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு வந்தார். நாகையில் பெட்டியும் ஆளும் பிரிந்தார்கள். படுக்கைச் சுருளும் தண்ணீர்க் கூஜாவும் மட்டும் கையில். கனத்த சாமான் கப்பலின் அடிக் கிடங்குக்கு. ஒரு நம்பர்ச் சீட்டுதான் ஆதாரம்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. கடல் ஆழமில்லை. தாத்தா ஏறிய ரஜுலா கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் பெட்டிகளும் தோணியில்தான் போக வேண்டும். இந்தப் பயணம் முழுவதிலும் கடினமான இடம் இதுதான் என்பேன். கப்பலின் பக்கவாட்டில் தோணி அணைந்ததும் மேலேயிருந்து வலை இறங்கும். அதை விரித்துப் பெட்டிகளை அடுக்கி, நாலு முனையையும் சேர்த்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். அலை தோணியை ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கும், அப்படியே இறக்கும். தோணி மேலே ஏறி நிற்கும் அந்த நொடியில் கொக்கியை மாட்டிக் குரல் கொடுத்தால் வலை சுத்தமாக எழும்பும். தோணி இறங்கும்போது மாட்டினால் கயிறு வெடுக்கென்று இழுபடும். பெட்டிகள் கப்பலின் இரும்பில் மோதும். எங்கள் பெட்டியின் இடது மூலையில் உள்ள நசுங்கல் அங்கே விழுந்ததாகத்தான் தாத்தா சொல்வார். அந்த நொடியைக் கணக்குப் பார்த்தவர் படிப்பில்லாத ஒரு தோணிக்காரர். அவர் கணக்குத் தவறியிருந்தால் பெட்டி கடலுக்குள் போயிருக்கும்.

ரஜுலாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். டெக் வகுப்பில் மட்டும் 5,000 பேருக்கு மேல் ஏற்ற ஆரம்பத்தில் அனுமதி இருந்தது. சென்னை, நாகை, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று தோட்டத் தொழிலாளி, வட்டிக்கடைக்காரர், பள்ளி ஆசிரியர் எல்லாரையும் சுமந்தது. 1938இல் இந்திய அரசு கூலியாட்களை உதவிப் பணம் கொடுத்து அனுப்புவதைத் தடை செய்தது; பிறகு யுத்தம் வந்தது. ரஜுலா சிப்பாய்களை ஏற்றப் போயிற்று. அதன் சகோதரக் கப்பலான ரோனா 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கடலில் ஜெர்மன் குண்டுபட்டு மூழ்கியதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். ரஜுலா தப்பி வந்து மறுபடியும் நம் ஆட்களை ஏற்றியது.

பினாங்கில் பெட்டி இறங்கிய இடம் சுவெட்டன்ஹாம் துறை. கப்பலில் அம்மையோ காலராவோ இருந்தால் பயணிகள் ஜெரஜாக் தீவில் தனித்துத் தங்க வேண்டியிருக்கும். தாத்தாவின் கப்பலில் நோய் இல்லை. 1969 வரை பினாங்கு தீர்வையில்லாத் துறைமுகம், ஆகவே சாமான் விஷயத்தில் கெடுபிடி குறைவு. துறைமுகத்தில் சுமை இறக்கியவர்களிலும் தமிழர்கள் நிறையப் பேர். 'பெட்டி யாருது?' என்று ஊர்ப்பெயரைச் சத்தமாகப் படித்த ஆள் தஞ்சாவூர்ப் பேச்சுப் பேசினார் என்று தாத்தா கடைசிவரை சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கிருந்து திரிஷா வண்டியில் குயின் ஸ்திரீட், மாரியம்மன் கோயில் பக்கம்.

அதற்குப் பிறகு பெட்டி ஊருக்குப் போய் வந்தது. போகும்போது போர்வை, கைலி, கோடாலித் தைலம். இந்தியச் சுங்கத்தில் திறக்கச் சொல்லி, பார்த்து முடித்துச் சாக்பீஸில் கோடு போடுவார்கள். 1973இல் ரஜுலாவின் ஓட்டம் நின்றது. மறு வருஷம் உடைத்துவிட்டார்கள். அடுத்து வந்த சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பயணிகள் மாண்டார்கள். அத்தோடு இந்தக் கடல்வழிப் போக்குவரத்தே முடிந்தது.

பெட்டியைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு ஆள் தனியாகப் போகும் வழக்கம் இன்று ஜப்பானில் சிறப்பாக நடக்கிறது. பினாங்கிலிருந்து குளிர்காலத்தில் ஹொக்கைடோவுக்குப் பனிச்சறுக்கப் போகிறவர்களுக்கு இது தெரியும். யமாதோ நிறுவனம் 1976இல் வீட்டுக்கு வீடு பார்சல் சேவையைத் தொடங்கியபோது முதல் நாள் வந்தவை 11 பார்சல்கள். சறுக்குப் பலகையைத் தோளில் சுமந்து ரயிலேறுகிறவர்கள் படும் பாட்டைப் பார்த்த, அந்நிறுவனத்தின் நகானோ பகுதி ஊழியர்களின் யோசனையில், 1983இல் அதற்கென்றே தனிச் சேவை வந்தது. விமான நிலையக் கவுன்டரில் பலகையையும் பூட்ஸையும் கொடுத்து, ஹோட்டல் பெயர், நாம் போய்ச் சேரும் நாள், அறை பதிவான பெயர் மூன்றையும் சீட்டில் எழுதினால் போதும். பக்கத்து ஊர் என்றால் மறுநாளே வந்துவிடும். தூரம் கூடினாலோ பனி கொட்டினாலோ தாமதமாகும். அதனால் ஒரு நாள் மாற்றுடை, மருந்து, பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். திரும்பும்போது ஹோட்டல் முகப்பிலேயே கொடுக்கலாம், ஆனால் விமானத்துக்கு இரண்டு நாள் முன்பாக.

அந்தச் சேவையில் நான் மதிப்பது வேகத்தை அல்ல. பார்சல் எந்தக் கிளைக்கு வந்தது, எப்போது கிளம்பியது என்று ஒவ்வொரு கைமாற்றமும் பதிவாகிறது. நம் தகரப் பெட்டிகளைச் சுமந்த தோணிக்காரர், வலை கட்டியவர், துறைமுகத்தில் ஊர்ப்பெயர் படித்தவர் யாருக்கும் அப்படி ஒரு வரிகூட இல்லை. எஞ்சியிருப்பது பெட்டியும், அதில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் காதில் கேட்டதும்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்காரருக்குப் போடுவதற்கு முன், புது வர்ணம் அடித்து அலங்காரப் பொருளாக்குவதற்கு முன், மூடியை ஈரத்துணியால் துடைத்து எழுத்தைப் படம் எடுங்கள். உள்பக்கம் ஒட்டிய சீட்டு இருந்தால் கிழிக்காதீர்கள். வீட்டில் கப்பலேறி வந்த பெரியவர் இருந்தால், எந்த வருஷம், எந்தக் கப்பல், யார் தூக்கினார்கள் என்று கேட்டுத் தேதி போட்டு எழுதி, அந்தத் தாளைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.