எல்லை வரைக்கும்தான் லைசென்ஸ்

கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் நான் துப்பாக்கி லைசென்ஸ் ஃபைல் பார்த்த காலம். தென்காசிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார்.

"ஐயா, ஆரியங்காவு தாண்டி எம் மவன் மரவள்ளி போட்டிருக்கான். பன்னி அழிக்கு. துப்பாக்கியக் கொண்டு போலாம்லா?"

"முடியாது அண்ணாச்சி. லைசென்ஸ்ல தமிழ்நாடுன்னுல்லா போட்டிருக்கு."

"கேரளாவும் இந்தியாதான ஐயா?"

நியாயமான கேள்வி. ஆயுதம், அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் 5ஆவது இனம். 1959ஆம் வருஷச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றே. ஆனால் லைசென்ஸ், தாளில் எழுதிய எல்லை வரைதான் செல்லும். அதைத் தாண்டத் தனி அனுமதி வேண்டும். அமெரிக்காவில் லைசென்ஸ் சட்டமே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒன்று கொடுத்ததை மற்றொன்று ஏற்குமா என்று அங்கே ஓயாத சண்டை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வெள்ளைக்காரனின் 1878ஆம் வருஷ ஆயுதச் சட்டம் அன்று பிரெஞ்சு எல்லைக்குள் செல்லாது. 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், அங்கேதான் சுடப் பழகினார் என்பார்கள். எல்லை என்று ஒன்று எழுதுவது இந்தப் பயத்தால்தான் என்றேன்.

பெரியவர் தலையாட்டினார். அனுமதி மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். அதுவரை துப்பாக்கி வீட்டிலேயே இருந்தது. தகர டின்னைத் தட்டித்தான் பன்னியை விரட்டினார்களாம்.