திசுமடல் இரத்த ஓட்டக் கண்காணிப்பு

உடலின் ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் பொருத்திய தோல், தசை, எலும்பு ஆகியவற்றுக்குள் இரத்தம் தடையின்றிப் போய்வருகிறதா என்று அறுவைக்குப் பிந்தைய நாள்களில் விடாமல் பார்த்துவருவதே திசுமடல் இரத்த ஓட்டக் கண்காணிப்பு. வாய்ப்புற்றுநோயில் தாடையை இழந்தவர்கள், விபத்தில் எலும்பு வெளியே தெரியுமளவு காலில் தோலும் தசையும் போனவர்கள், மார்பகம் அகற்றப்பட்டவர்கள் எனப் பலருக்கு இந்தச் சீரமைப்பு அறுவை செய்யப்படுகிறது. இப்படி இடம் மாற்றிய திசுவே திசுமடல்; வார்டில் அதற்குப் பெயர் ‘ஃபிளாப்’.

திசுவை இடம் மாற்றுவது பழைய கலை. சுசுருத சம்ஹிதை மூக்குச் சீரமைப்பைக் கூறுகிறது. புனேயில் நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு அமைத்த செய்தியை 1794இல் லண்டன் இதழ் ஒன்று படத்துடன் வெளியிட்டது. முதல் உலகப்போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு ஹெரால்ட் கில்லிஸ் தோலைக் குழாய்போல் சுருட்டிப் பொருத்தினார். இவற்றிலெல்லாம் மடலின் அடிப்பகுதி பழைய இடத்தோடு ஒட்டியே இருந்தது. இரத்தம் பழைய வழியில் வந்துகொண்டிருந்தது. புதிய இடத்தில் வேர்பிடித்த பிறகே அடியை வெட்டினார்கள். வெட்டுமுன் அடிப்பகுதியை இறுக்கிக் கட்டி, நிறம் மாறுகிறதா என்று பார்த்ததே அக்காலக் கண்காணிப்பு.

நுண்ணோக்கி வந்த பிறகு நிலைமை மாறியது. 1960இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஜூல்ஸ் ஜேக்கப்சனும் எர்னெஸ்டோ சுவாரெஸும் நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய இரத்தக் குழாய்களைத் தைத்துக் காட்டினர். 1965இல் ஜப்பானின் நாராவில் முற்றிலும் துண்டான கட்டைவிரலைத் தமாயும் கொமாட்சுவும் இணைத்தனர். ஷாங்காயில் 1966இலும் இங்கிலாந்தில் 1968இலும் கால்விரல் கட்டைவிரலானது. 1973இல் மெல்பர்னில் ரோலின் டேனியலும் இயன் டெய்லரும் இடுப்பு மடிப்புத் தோலைக் காலுக்கு மாற்றிய செய்தியை வெளியிட்டனர். அதன்பின் உடலிலிருந்து முழுவதும் பிரித்தெடுத்த மடல்கள் உலகெங்கும் பரவின.

இப்படிப் பிரித்தெடுத்த மடலின் உயிர் ஒரு தமனியையும் ஒன்றிரண்டு சிரைகளையும் நம்பியிருக்கிறது. அவை பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ளவை. தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையில் போட்ட அந்தத் தையலில் இரத்தம் உறைந்தால் முழு மடலும் செத்துவிடும். நல்ல மையங்களில் 100 அறுவைகளில் 95க்கு மேல் வெற்றி பெறுகின்றன. அடைப்பு நேர்ந்தால் அது பெரும்பாலும் முதல் 2, 3 நாள்களில் நேரும். தமனியைவிடச் சிரையே அதிகம் அடைபடும். அடைப்பை எவ்வளவு நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்பதற்கு ஜேம்ஸ் மே குழுவினர் 1978இல் முயல்களில் செய்த ஆய்வு விடை தந்தது. இரத்தமின்றிச் சில மணி நேரம் கடந்தால் நுண்குழாய்கள் வீங்கி அடைபடுகின்றன. 12 மணி நேரம் ஆனபின் பெரிய குழாயைத் திறந்துவிட்டாலும் இரத்தம் உள்ளே ஏறுவதில்லை. தசையும் குடல் திசுவும் தோலளவுக்குக்கூடத் தாங்குவதில்லை.

ஆகவே அறுவை முடிந்த முதல் நாளில் மணிக்கொரு முறை மடலைப் பார்ப்பது பெரும்பாலான மருத்துவமனைகளின் வழக்கம். செவிலியர் நிறத்தைப் பார்க்கிறார். புறங்கையை வைத்துச் சூட்டை அறிகிறார். விரலால் அழுத்தி எடுத்து, வெளுத்த இடம் 2, 3 விநாடியில் பழைய நிறத்துக்குத் திரும்புகிறதா என்று கவனிக்கிறார். வெளிறி, குளிர்ந்து, நிறம் திரும்பத் தாமதித்தால் தமனியில் கோளாறு. நீலம் பாரித்து, விம்மி, அழுத்தியதும் சட்டென நிறம் திரும்பினால் சிரையில் கோளாறு. ஐயம் வந்தால் மெல்லிய ஊசியால் குத்திப் பார்ப்பார்கள். சிறிது பொறுத்துச் செந்நிறத் துளி வந்தால் நிம்மதி. குத்தியதுமே கருஞ்சிவப்பு இரத்தம் வழிந்தால் சிரை அடைத்திருக்கிறது. ஒன்றுமே வராவிட்டால் தமனி. சில வேளைகளில் காரணம் மிக எளியது. தொண்டையில் துளையிட்டுப் பொருத்திய மூச்சுக்குழாயின் கட்டுநாடா கழுத்துச் சிரையை அழுத்திக்கொண்டிருக்கும். நாடாவைத் தளர்த்தினாலே மடலின் நிறம் தெளிந்துவிடும்.

கண்ணுக்குத் துணையாகக் கருவிகள் வந்தன. 1942இல் லாங்கேயும் பாய்டும் ஃபுளோரசீன் சாயத்தை இரத்தத்தில் செலுத்தி, புற ஊதா ஒளியில் அது ஒளிரும் இடங்களைக் கொண்டு இரத்த ஓட்டத்தைக் கணித்தனர். இன்று அறுவை அரங்கில் இண்டோசயனின் பச்சைச் சாயமும் அகச்சிவப்புக் கேமராவும் அந்த வேலையைச் செய்கின்றன. கையடக்க டாப்ளர் கருவி குழாயின் துடிப்பை ஒலியாக்கித் தருகிறது. ஆனால் அருகிலுள்ள வேறொரு குழாயின் ஒலியை மடலின் ஒலி என்று நம்பிவிடும் ஆபத்து அதில் உண்டு. சிரை அடைத்த பிறகும் தமனி நெடுநேரம் துடித்துக்கொண்டிருக்கலாம் என்பது இன்னொரு சிக்கல். வில்லியம் ஸ்வார்ட்ஸ் 1988இல் அறிமுகப்படுத்திய உள்பொருத்து டாப்ளர் இதற்கு நல்ல விடை. சிலிக்கோன் பட்டையில் பதித்த சிறு உணரியைச் சிரையைச் சுற்றிக் கட்டினால், தமனி, சிரை எது நின்றாலும் ஒலி நின்றுவிடும். தொண்டைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாத மடல்களுக்கு இது பெரும் உதவி. உணரி நழுவினாலும் ஒலி நிற்கும் என்பதால், ஒன்றுமில்லாததற்கு அறுவைக்குத் திரும்பிய நோயாளிகளும் உண்டு.

ஃபிரான்ஸ் யோப்சிஸ் என்பவர் 1977இல் காட்டிய அண்மை அகச்சிவப்பு ஒளி முறை, பின்னாளில் திசுவின் ஆக்சிஜனை அளக்கும் ஒட்டுப்பட்டையாக வளர்ந்தது. அளவு 30 விழுக்காட்டுக்கு இறங்கினாலோ, ஒரு மணி நேரத்தில் 20 விழுக்காடு வீழ்ந்தாலோ எச்சரிக்கை கொள்வது அதில் பரவலான நடைமுறை. நுண்சவ்வூடு பிரிப்பு (மைக்ரோடயாலிசிஸ்) முறையில் திசுவின் குளுக்கோஸ் குறைவதையும் லாக்டேட் ஏறுவதையும் அளக்கிறார்கள்.

நம் நாட்டுக்கு இதில் தனிக் கவலை ஒன்று இருக்கிறது. நலமான மடலின் நிறமாக மேலைப் பாடநூல்கள் சொல்லும் ‘இளஞ்சிவப்பு’ வெளிர்தோலின் அடையாளம். கருநிறத் தோலில் வெளிறலும் நீலமும் எளிதில் பிடிபடாது. நிறத்தைவிட ஊசிச் சோதனையையும் வீக்கத்தையும் நம்புவதே பாதுகாப்பு. ஊசி குத்திய துளியைச் சாதாரணச் சர்க்கரைமானியில் வைத்து, விரல் நுனி இரத்தத்தின் சர்க்கரையோடு ஒப்பிடும் முறையைப் பற்றி 2010க்குப் பின் ஆய்வுகள் வந்துள்ளன. சிரை அடைத்த மடலில் சர்க்கரை குறைந்துவிடும். விலையுயர்ந்த கருவி இல்லாத மருத்துவமனைக்கு இது கைக்கெட்டிய வழி.

பயனுள்ள கண்காணிப்புக்கு கிரீச்சும் மில்லரும் 1975இல் சில இலக்கணங்கள் வகுத்தனர்: நோயாளிக்கும் மடலுக்கும் தீங்கில்லாமல், விரைவாக, பிழையின்றி, எல்லா மடலுக்கும் பொருந்தி, அனுபவம் குறைந்தவருக்கும் புரியும்படி இருக்க வேண்டும். அத்தனையும் நிறைந்த கருவி இன்னும் வரவில்லை. மாற்றத்தை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் இரவுப்பணிச் செவிலியர்தான். அவர் தொலைபேசியில் சொன்னதிலிருந்து நோயாளி அறுவை மேசைக்குப் போகும்வரை ஆகும் நேரத்தில்தான் மடலின் கதி முடிவாகிறது. கருவி வாங்குமுன் ஒரு மருத்துவமனை அந்தச் செவிலியரின் பயிற்சிக்கும், நள்ளிரவிலும் திறக்கும் அறுவை அரங்குக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.