பல்லாவரத்தில் பறந்த ஓட்டல்காரர்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடப்பவருக்கு, அந்த உப்பளங்களைப் பார்த்தால் விமானமே இறக்கலாம் போலிருக்கும். கிட்டப் போனால் கதை வேறு. காலால் மிதித்து மிதித்து இறுக்கிய பாத்தி, சுற்றிலும் வரப்பு, அதையடுத்து வாய்க்கால், மறுபடியும் பாத்தி. ஓடிவரும் சக்கரம் முதல் வரப்பிலேயே குப்புறக் கவிழ்ந்துவிடும்.

முக்கோணச் சிறகு விமானத்துக்கு இந்த இடம் இன்னும் ஆகாது. ஜெர்மானியர் அலெக்சாண்டர் லிப்பிஷ் 1930களின் தொடக்கத்தில் பறக்கவிட்டுக் காட்டிய இந்த முக்கோண (டெல்டா) வடிவம் வேகத்தில் கில்லாடி. ஆனால் இறங்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு விரைந்து வரும். நீளமான ஓடுதளம் கேட்கும். அப்படியும் ஆசை யாரை விட்டது? அமெரிக்காவின் ஒஹாயோவில் ஜான் டைக் என்பவர் 1960களில் நாலு பேர் உட்காரும் டெல்டா விமானத்தைத் தானே கட்டினார். பறந்து முடித்ததும் சிறகை மடக்கி, காரில் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடலாம்.

தமிழ்நாட்டில் டெல்டா சிறகு என்றால் சூலூர் விமானப்படைத் தளம்தான். தேஜஸ் போர்விமானங்கள் 2018 முதல் அங்கே இருக்கின்றன. ஆனால் அது அரசாங்கத்தின் பணம், பல்லாண்டுத் திட்டம். ஒரு தனி மனிதர் சொந்த ஆசைக்காகக் கட்டிய விமானத்தைத் தேடினால் 1910ஆம் ஆண்டுச் சென்னைக்குப் போக வேண்டும்.

மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஐரோப்பியர் ஜாக்கமோ டி ஏஞ்செலிஸ். 1909 ஜூலையில் பிரெஞ்சு விமானி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்து உலகத்தையே கிறங்கடித்திருந்தார். ஓட்டல்காரருக்கும் அந்தப் பித்து பிடித்தது. விமானத்தைத் தானே வடிவமைத்தார். கட்டித் தந்தது சிம்ப்சன் கம்பெனி. கோச்சு வண்டிகளுக்குப் பேர்போன பட்டறை அது. 1903இல் நீராவிக் காரும் செய்து ஓட்டிக் காட்டியிருந்தது. அக்காலத்து விமானம் என்பது மரச்சட்டம், இழுத்துக் கட்டிய துணி, முறுக்கிய கம்பி, ஒரு சின்ன எஞ்சின். வண்டி கட்டிப் பழகிய கைக்கு இதில் எஞ்சினைத் தவிர மிரள எதுவுமில்லை.

1910 மார்ச்சில் பல்லாவரத்துத் திறந்தவெளியில் அந்த இரட்டையடுக்குச் சிறகு விமானம் எழும்பியது. பிறகு தீவுத்திடலில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஊருக்குக் காட்டினார். ஓட்டல்காரர் அல்லவா, வரவு செலவு தெரியாமலா இருக்கும்!

இந்திய விமான வரலாறு என்றதும் பலரும் சொல்வது அலகாபாத்தை. 1911 பிப்ரவரி 18 அன்று பிரெஞ்சு விமானி ஹென்றி பெக்கே ஆயிரக்கணக்கான கடிதங்களோடு அங்கிருந்து நைனிக்குப் பறந்தார். அதற்குப் பதினோரு மாதம் முந்தியது பல்லாவரம்.

டி ஏஞ்செலிஸுக்கு ஒரு வசதி இருந்தது: சட்டத் தொல்லை இல்லை. விமானங்களுக்கென இந்தியாவில் முதல் சட்டம் வந்ததே 1911இல்தான். மும்பை காந்திவலியில் மொட்டை மாடியில் ஆறு பேர் அமரும் விமானம் கட்டிய அமோல் யாதவுக்கு அந்த வசதி இல்லை. 2016இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்த அந்த விமானத்துக்குப் பதிவு எண் 2017 நவம்பரில்தான் கிடைத்தது.