கால்-கை வலிப்பு

'வலித்தல்' என்னும் வினைக்கு இழுத்தல் என்பது பழம்பொருளாதலால், துடுப்பு வலித்தலில் உள்ள அச்சொல்லே, தசைகள் தம் வசமின்றி இழுத்துக்கொள்ளும் நிலைக்கு 'வலிப்பு' என்று பெயராயிற்று. பேச்சு வழக்கின் 'இழுப்பு' என்பதும் அதுவே. 'கால்-கை' விரைந்த உச்சரிப்பில் 'காக்காய்' எனத் திரிந்ததேயன்றி, 'காக்காய் வலிப்பில்' காகத்துக்கு இடமில்லை என்பர்.

வடமொழியின் 'அபஸ்மாரம்' இழுப்பைச் சுட்டாமல் நினைவு நீங்குதலைச் சுட்டுகிறது. ஆடவல்லானின் திருவடிக்கீழ்க் கிடக்கும் முயலகனுக்கும் அபஸ்மாரன் என்ற பெயருண்டு. கொல்லி மழவன் மகளுக்கு உற்ற 'முயலகன்' என்னும் நோயைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் சம்பந்தர் தீர்த்ததாகப் பெரியபுராணம் கூறுவதால், அப்பெயர் நோய்க்கும் வழங்கியமை தெளிவு.

மூளை நரம்பணுக்களில் திடீரென மிகையாக எழும் மின்தூண்டலே வலிப்பாக வெளிப்படுகிறது என்றும், காய்ச்சல் போன்ற உடனடித் தூண்டுதலின்றி 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இருமுறை நேர்ந்தாலே பொதுவாக அது வலிப்பு நோய் எனப்படும் என்றும் மருத்துவம் வரையறுக்கிறது. வலிப்பின் ஒரு வகையில், சில நொடிகள் வெறித்து நோக்கி மீளும் குழந்தைக்கு இழுப்பே இராதாகையால், இவ்வகையில் வடமொழிப் பெயரே பொருத்தமுடையது. வலிப்புற்றவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனேதுமில்லை. ஒருக்களித்துப் படுக்கவைப்பதும், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதுமே தக்கவை. இந்து திருமணச் சட்டமோ, 1999ஆம் ஆண்டுத் திருத்தம் வரை, இந்நோயைத் திருமணத்துக்குத் தடையாகவே வைத்திருந்தது.