கையடக்கப் புவியிடங்காட்டியும் கணினித் தரவுப் பரிமாற்றமும்

கையடக்கப் புவியிடங்காட்டி (ஜி.பி.எஸ். கருவி) பதிவு செய்த இடக்குறிகள், வழிகள், தடங்கள் ஆகியவற்றைக் கணினிக்கு மாற்றுவதும், கணினியில் தயாரித்தவற்றைக் கருவியில் ஏற்றுவதும் தரவுப் பரிமாற்றம் எனப்படும். இது கப்பல் கருவிகளுக்கான மின்கம்பி இணைப்பில் தொடங்கி, எவரும் படிக்கக்கூடிய திறந்த கோப்பு வடிவத்தை எட்டியது.

தொடக்கம்

அமெரிக்காவின் தேசியக் கடல்சார் மின்னணுவியல் சங்கம் 1983-ஆம் ஆண்டு என்.எம்.இ.ஏ. 0183 என்னும் தரத்தை வெளியிட்டது. கப்பலிலுள்ள ஆழமானி, திசைகாட்டி, தானியங்கிச் சுக்கான் போன்றவை தம்முள் பேசிக்கொள்வதற்காக இது உருவானது. 1989-இல் மெகல்லன் நிறுவனத்தின் நேவ் 1000 என்னும் முதல் வணிகக் கையடக்கக் கருவி வெளிவந்தது. பின்னர் வந்த கையடக்கக் கருவிகளும் இத்தரத்தையே ஏற்றன.

இத்தரத்தில் ஒவ்வொரு செய்தியும் டாலர் குறியில் தொடங்கும் ஒரு வரியாகும். வரியின் இறுதியில் உடுக்குறிக்குப் பின் பிழைகாண் எண் வரும். வேகம் நொடிக்கு 4800 பிட். ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவு பிட்களுடன் 10 பிட் தேவைப்படுவதால் நொடிக்கு 480 எழுத்துகளே செல்லும். ஒரு வரி 82 எழுத்துகள் வரை நீளலாம். அத்தகைய நீண்ட வரிகளில் நொடிக்கு ஆறைக்கூட முழுமையாக அனுப்ப இயலாது. நடப்பு இடத்தைத் தெரிவிக்க இது போதும். நாள் முழுதும் நடந்த தடத்தை அள்ளித்தரப் போதாது.

தனியுரிமை நெறிமுறைகள்

இக்குறையைப் போக்க நிறுவனங்கள் தத்தம் நெறிமுறைகளை வகுத்தன. 1989-இல் தொடங்கப்பட்ட கார்மின் நிறுவனத்தின் நெறிமுறை, தரவைப் பொட்டலங்களாக நொடிக்கு 9600 பிட் வேகத்தில் அனுப்பியது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மறுமுனை ஏற்பு தெரிவிக்க வேண்டும்.

இதனால் பயனர் மூன்றைச் சரிபார்க்க வேண்டியதாயிற்று: கருவியின் இடைமுகத் தெரிவு, கணினியின் சீரியல் போர்ட் எண், இரு முனைகளின் வேகம். கருவி என்.எம்.இ.ஏ. நிலையில் இருக்க, மென்பொருள் கார்மின் நெறிமுறையில் அழைத்தால் பதில் வராது. வேறொரு மென்பொருள் அதே போர்ட்டைத் திறந்து வைத்திருந்தாலும் இணைப்பு கிடைக்காது. மடிக்கணினிகளில் சீரியல் போர்ட் மறைந்த பிறகு, மாற்றிக் கம்பியும் அதற்கான இயக்கி மென்பொருளும் கூடுதல் தேவைகளாயின.

திறந்த வடிவம்

2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கா, பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை நிறுத்தியது. ஏறத்தாழ 100 மீட்டர் வரை இருந்த வழு பெரிதும் குறைந்தது. மே 3-ஆம் நாள் டேவ் உல்மர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு பெட்டியை மறைத்து அதன் ஆயத்தொலைகளை இணையத்தில் அறிவித்தார். ஜியோகேச்சிங் விளையாட்டு பிறந்தது. ஆயத்தொலைகளைப் பகிரும் பழக்கம் பரவியபோது, ஒரு நிறுவனத்தின் கோப்பு மற்றொன்றின் மென்பொருளில் திறக்காதது பெருந்தடையாயிற்று.

எக்ஸ்.எம்.எல். அடிப்படையிலான ஜி.பி.எக்ஸ். வடிவம் 2002-இல் வெளியானது, அதன் 1.1 பதிப்பு 2004-இல் வந்தது. ராபர்ட் லைப் தொடங்கிய ஜிபிஎஸ்பேபல் என்னும் கட்டற்ற மென்பொருள், பல்வேறு வடிவங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக் கொடுத்தது. 2004-இல் பிரித்தானியாவில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் திட்டத்தில், தன்னார்வலர்கள் நடந்தும் மிதிவண்டியிலும் சேகரித்த தடங்கள் ஜி.பி.எக்ஸ். கோப்புகளாக ஏற்றப்பட்டன. உரிமக் கட்டுப்பாடுள்ள வரைபடங்களை நம்பியிராமல், பொதுமக்கள் தாமே வரைபடம் உருவாக்க இது வழிசெய்தது.

இன்றைய நிலை

2008-இல் வந்த கார்மின் கொலராடோ, ஒரிகன் வரிசைக் கருவிகள் யூ.எஸ்.பி. கம்பியில் இணைத்ததும் கணினியில் நினைவக வட்டாகத் தோன்றின. ஜி.பி.எக்ஸ். கோப்பை உரிய கோப்புறையில் நகலெடுத்தாலே போதுமானது. போர்ட் எண்ணும் வேகமும் அமைக்கும் வேலை இல்லாமற்போனது. பழைய நிறுவன வடிவங்களில் தங்கிவிட்ட தடங்களை மட்டும் இன்றும் மாற்றி மென்பொருள் கொண்டே மீட்க வேண்டியுள்ளது.